இரண்டும் கரைதான்

கோயம்புத்தூர் ஓட்டலில் சர்வர் வைத்துப்போன டம்ளரை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒன்பது வருடமாகப் பதிமுகப் பட்டை போட்டுக் கொதித்த ரோஸ் நிற வெந்நீரைக் குடித்துப் பழகிவிட்டதால், எதையோ போட மறந்துவிட்டார்கள் என்றே முதலில் தோன்றியது. "ஒரு சாயா" என்று கேட்டதும் சர்வர் மலையாளத்தில் விலை சொன்னார். நான் உடுமலைப்பேட்டைக்காரி என்று சொல்ல வாயெடுத்து, அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டதால் விட்டுவிட்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலை என்னவென்று இன்னும் சரியாகத் தெரியாது. சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறேன். கொச்சியைச் சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளும், கப்பலில் போய்ச் சேரவேண்டிய தீவுகளும் என் பொறுப்பு. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டேன். அந்த மாதம் முதல் வாரம் கோவைத் தலைமை அலுவலகத்தில் பயிற்சி. அது முடிந்த அன்று மேலாளர் கூப்பிட்டு, இங்கேயே பணிமனையில் ஓர் இடம் காலியாகிறது, அலைச்சல் இல்லை, இயந்திரங்கள் உங்கள் மேசைக்கு வரும், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்றார். உடுமலையில் இருக்கும் என் அண்ணனிடம் போனில் சொன்னேன். "மாடி வீடு சும்மாத்தான் கெடக்குது அம்மிணி, வந்துருங்க" என்றார். எவ்வளவு காலமாக அதற்குக் காத்திருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது.

கொச்சிக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. என் கணவர் முருகேசனுக்குத் தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை கிடைத்தது. பின்னாலேயே இரண்டு வயது கயலைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முதல் வருடம் பாஷையில் விழுந்து எழுந்தோம். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்ததும் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் சுபைதா இத்தா, "டீச்சர் இன்னு மோளெ வழக்கு பறஞ்ஞு" என்றார். பிள்ளை மேல் அங்கன்வாடி டீச்சர் வழக்குப் போட்டுவிட்டார் என்று புரிந்துகொண்டு, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஃபைலில் அடுக்கி, நாங்கள் இருவரும் மறுநாள் காலையில் டீச்சர் முன்னால் போய் நின்றோம். அவர் ஃபைலையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். வழக்கு பறஞ்ஞு என்றால் திட்டினார் என்று அர்த்தம். கயல் இன்னொரு பிள்ளையின் தலையில் மண்ணைப் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். இத்தா இன்றைக்கும் விருந்தாளிகளிடம் இதைச் சொல்லிச் சிரிப்பார். சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு தட்டு அரிசிமாவுப் பத்திரி வரும்.

பயிற்சி முடிந்து, அந்த மாதம் இரண்டாம் வாரம் ஒரு தீவுக்குக் கப்பல் ஏறினேன். தீவின் சிறிய ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றுபோயிருந்தது, மற்றொன்று விட்டுவிட்டு ஓடியது. நான்கு நோயாளிகள். இரண்டுமே நின்றால் அவர்களைக் கொச்சிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், கடலோ நான் வந்து இறங்கிய பிறகு கப்பல் விடும் நிலையில் இல்லை. நின்ற இயந்திரத்தின் பம்பைக் கழற்றி மற்றதில் பொருத்தினேன். அங்கே வேலை செய்யும் ரஸியா என்ற டெக்னீஷியன் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு திருகையும் கவனித்தாள். மாலையில் இயந்திரம் சீராக ஓடத் தொடங்கியதும் முதலில் படுத்தவர் ஃபாத்திமாபி, என் வயதுதான், தையல்காரி. நான்கு மணிநேரம் அசையாமல் கிடக்கவேண்டும் என்பதால் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"கரையில் எவிடயா வீடு?"

தீவுக்காரர்களுக்குக் கடல் தாண்டியிருக்கும் பெருநிலம் முழுவதும் கரை. எனக்கு அது தெரியும். இருந்தாலும், வீடு மட்டாஞ்சேரியில், ஆனால் சொந்த ஊர் தமிழ்நாட்டில், அங்கே மாறிப் போகலாமா என்று யோசிக்கிறோம் என்று நீட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டும் கர தன்னெயல்லே?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு கரையிலிருந்து அதே கரைக்குப் போவதற்கு இவள் ஏன் இப்படிக் குழம்புகிறாள் என்று உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

திரும்பும் கப்பல் ஐந்து நாள் தாமதமானது. அந்த ஐந்து நாளும் ரஸியாவுக்குப் பம்பைக் கழற்றி மாட்டச் சொல்லிக்கொடுத்தேன். கடைசி நாள் நான் கைகட்டி நிற்க, அவளே எல்லாவற்றையும் செய்தாள்.

மூன்றாம் வாரக் கடைசியில் கொச்சி வந்து, உடனே மூவருமாக உடுமலைக்குப் போனோம். கயலைச் சேர்ப்பது பற்றி அண்ணன் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தார். தலைமையாசிரியை கயலிடம் தாளைக் கொடுத்து, உன்னைப் பற்றித் தமிழில் ஐந்து வரி எழுது என்றார். "ஞான் மட்டாஞ்சேரியில் தாமசிக்கிறேன்" என்று மலையாளமும் தமிழும் கலந்து தொடங்கியிருந்தாள். அவர் சிரிக்காமல் படித்துவிட்டு, "ஆறே மாசத்துல சரியாயிரும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் அந்த வார்த்தை உறுத்தியது. இது எங்கள் அஜாக்கிரதை, நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்ற வெட்கமும் கூடவே வந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் கயல் கேட்டாள்: "அப்போ தோப்பும்படிக் கட அப்பாக்கு வேண்டாமா?"

அவளைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது: பட்டறை உரிமையாளர் துபாயில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போகிறாராம். பட்டறையை ஏற்று நடத்தும்படி இவரிடம் சொல்லிப் பத்து நாள் ஆகிறது. நான் கணவரைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்தார்.

"நீங்க ஏனுங்க சொல்லல?"

"நீ கடல்ல இருந்த. சொன்னா எனக்கோசரம் வேண்டாம்னுடுவ. உனக்குப் பக்கத்துல அண்ணன் வேணுமில்ல? எஞ்சின் இங்கயும் ஓடத்தான செய்யுது."

உடுமலையில் படகு ஏது? எனக்காக அவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்ததை, அவருக்காக நான் விட்டுக்கொடுப்பேன் என்று பயந்து மறைத்திருக்கிறார். ஆனால் நான் அவருக்காக மட்டும் முடிவெடுக்கவில்லை. பணிமனை மேசைக்கு இயந்திரம் மட்டும்தான் வரும். அது ஓடத் தொடங்கியதும் ஒரு முகத்தில் நிறம் திரும்புவதை அங்கிருந்து பார்க்க முடியாது. அன்றே மேலாளருக்குப் போன் செய்து, கொச்சியிலேயே இருக்கிறேன், சிறு பழுதுகளை ரஸியாவே பார்த்துக்கொள்வாள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் தீவுக்குப் போகிறேன் என்றேன். எழுத்தில் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன், ஒரு வாரத்தில் சம்மதம் வந்தது. அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், கோடை லீவுக்குக் கயலை அனுப்பு, தமிழ் நான் சொல்லித் தருகிறேன் என்றார்.

இதை அடுத்த தீவுப் பயணத்தில், கப்பலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொச்சித் துறைமுகம் இருக்கும் வில்லிங்டன் தீவிலிருந்து காலையில் கிளம்பியது. ஊர் திரும்பும் தீவுக்காரர்கள் எல்லாரும் முன்பக்கம் போய்விட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிறுத்துப்போகும் நகரத்தைப் பார்க்கிறார்கள். எனக்குப் பக்கவாட்டில், இரண்டும் தெரிகிற ஒரு பெஞ்சில் இடம் கிடைத்தது. போனில் சிக்னல் இன்னும் இரண்டு கோடு இருக்கிறது. மறுமுனையில் கயல் தமிழ்ப் பாடப்புத்தகத்தை மலையாள ராகத்தில் வாசிக்கிறாள். பின்னால் அவள் அப்பா ஒரு சொல்லைத் திருத்துகிறார், சுபைதா இத்தா அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறார். குரல்கள் விட்டுவிட்டுக் கேட்கின்றன. காதோடு போனை அழுத்திக்கொண்டு, முன்னால் விரியும் கடலைப் பார்த்தபடி இருக்கிறேன்.