முருங்கை மரத்தில் சிவப்புத் துணி

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, பாடுகிறவளுக்குத் தொண்டை போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்? எனக்குப் போனது. எண்பதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதக் காலை. பாட வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

என் பெயர் கிரேஸ். சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. பாட்டை நானே எழுதுவேன், மெட்டும் நானே போடுவேன், ஆர்மோனியம் வாசித்துப் பாடுவேன். பதிவு செய்வது எங்கள் வீட்டுப் பின்னறையில்தான். சுவரெல்லாம் கோணிப்பையும் பழைய மெத்தையும் தொங்கும். இரண்டு டேப்ரிக்கார்டர், ஒரே ஒரு மைக். ஒன்றில் ஆர்மோனியத்தைப் பதிந்து ஓடவிட்டு, அதோடு சேர்ந்து நான் பாடுவதை இன்னொன்றில் பிடிப்போம். என் வீட்டுக்காரர் தயாளன் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர், ஒயர் வேலையெல்லாம் அவர் பொறுப்பு. கேசட்டுகளை நாங்களே பிரதி எடுத்துச் சுற்றுவட்டாரச் சபைகளுக்குக் கொடுப்போம். எந்தக் கம்பெனி வாசலிலும் போய் நின்றதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

பதிவு நடக்கும்போது வாசல் முருங்கை மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவோம். அதைப் பார்த்தால் தெருவே அடங்கிவிடும். நெல் குத்துகிறவர்கள் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு அப்படியே நிற்பார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் மணி அடிக்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். இந்து, கிறிஸ்தவர் எல்லாரும் அப்படித்தான். லாரிகளும் கோழிகளும் மட்டும் துணியை மதித்ததே இல்லை.

அந்த லாரிகளோடு மல்லுக்கு நின்றுதான் நான் கெட்டேன். கர்த்தருடைய பாட்டு என்றால் வானத்தைத் தொட வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். எட்டாத கட்டையில் சுருதியை வைத்துக்கொண்டு கத்துவேன்.

"கொஞ்சம் எறக்கிப் பாடு கிரேஸ், மைக்கே பயப்படுது" என்பார் தயாளன்.

"உங்க மைக்குக்கு விசுவாசம் பத்தல" என்பேன்.

சென்னையில் ஒரு டாக்டரம்மா தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். குரல் நரம்பில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். "வாயே திறக்காதீங்க. குசுகுசுன்னுகூடப் பேசக் கூடாது. கரையலன்னா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் பாட வருமான்னு என்னால சொல்ல முடியாது."

கிறிஸ்துமஸ் கேசட்டுக்கான பாடல்களை அப்போதுதான் எழுதி முடித்திருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அந்த அழுகைக்கும் சத்தம் இல்லை.

அதன்பிறகு நான் ஊமைதான். கைதட்டிக் கூப்பிட்டு, வேண்டியதைச் சைகையில் கேட்பேன். ஆராதனையில் எல்லாரும் பாடும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது நரகமாக இருந்தது. சபைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். பின்னறையில் மைக்குக்கு முன்னால் முழங்கால் போட்டு மனதுக்குள் மன்றாடுவேன். "ஆண்டவரே, அதே குரலைத் தாரும். ஒரு கட்டைகூடக் குறைக்காதேயும்." ஜெபத்திலும் என் பிடிவாதம் போகவில்லை.

எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்கா தினமும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். "எங்க அம்மனாண்ட நானும் சொல்லிக்கீறேன். நீ உன் சாமியாண்ட கேளு. நீ பாடாம தெருவே நல்லா இல்லடி" என்பாள். அந்த அன்பை என்னவென்று சொல்வது!

தீபாவளி கழிந்து மறுபடி போனோம். டாக்டரம்மா பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். "முடிச்சு கரைஞ்சிருக்கு. ஆபரேஷன் வேணாம்மா, மெதுவாப் பாட ஆரம்பிங்க." ஸ்தோத்திரம்! அங்கேயே அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் துணி மரத்தில் ஏறியது. தெரு அடங்கியது. என் பழைய பாட்டு ஒன்றை அதே பழைய கட்டையில் எடுத்தேன். குரல் பாதியில் உடைந்தது. திரும்ப எடுத்தேன், திரும்ப உடைந்தது. எனக்கு வந்ததே கோபம்! "என் ஜெபத்துல பாதியத்தான் கேட்டீரா ஆண்டவரே?" என்று வாய்விட்டே கேட்டேன். தயாளன் எழுந்து வந்தார். ஆர்மோனியத்தில் இருந்த என் விரலை எடுத்து நன்றாகக் கீழே ஒரு கட்டையில் வைத்து, பதிகிற டேப்பை ஓடவிட்டார்.

பாடினேன். கனமான, வெதுவெதுப்பான ஒரு குரல் வந்தது. யாருடையதோ என்று இருந்தது. இரண்டாம் சரணத்தில் வெளியே இருந்து இன்னொரு குரல் கூடவே பாடியது. எழுந்து ஓடினேன். முருங்கை மரத்தடியில் கன்னியம்மா அக்கா நின்றிருந்தாள், பின்னால் உலக்கையோடு நாலைந்து பெண்கள்.

"இன்னாக்கா, துணி கட்டியிருக்கறது தெரியலியா?"

"தெரியுது. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது, இன்னா பண்ணச் சொல்ற? பேசாம நின்னு கேட்டுக் கேட்டு உன் பாட்டெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆனா நீ போற ஒசரத்துக்கு எங்களால வர முடியாது. இன்னிக்குத்தாண்டி நீ எங்க கட்டைக்கு வந்துக்கீற."

உள்ளே வந்து டேப்பைப் போட்டுக் கேட்டேன். என் குரலுக்குப் பக்கத்திலேயே அவள் குரல். உடம்பு சிலிர்த்தது. இத்தனை காலம் என் பாட்டை ஊரே கேட்டது, ஒருவர்கூடச் சேர்ந்து பாடியதில்லை. நான் அதைக் கவனித்ததுமில்லை. அங்கேயே விழுந்து, கேட்டதைத் தராமல் போனதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லி அழுதேன்.

கிறிஸ்துமஸ் கேசட் பதிந்த அன்று பின்னறையில் நிற்க இடமில்லை. கோணிப்பையில் முதுகை ஒட்டிக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். துணியை எடுத்துக்கொண்டு வெளியே போன தயாளன் அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

"யாருக்குக் கட்டறது? தெருவே உள்ளதான கீது!"

சிரித்து முடித்துவிட்டுப் பாடினோம். நெடுஞ்சாலையில் லாரிகள் அன்றும் போயின. கேசட்டைப் போட்டுக் கேட்டால் ஒரு லாரிகூடக் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற சகோதரனே, சகோதரியே, இன்று உங்களுக்கு வாய் அடைத்துப் போயிருக்கலாம். நம்பிக் கேளுங்கள். நினைத்தபடி வராவிட்டால் அவரிடமே கோபித்துக்கொள்ளுங்கள். நானும் கோபித்தேன், தாங்கிக்கொண்டார். கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தச் சிவப்புத் துணி இப்போது எங்கள் ஆர்மோனியத்துக்கு உறையாக இருக்கிறது.