ஒரு சாண் மேலே

எங்கள் குடும்பத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு வாத்தியார் மேல்தான் விழ வேண்டும். நாசரேத்தில் அப்பா, பெரியப்பா, இரண்டு அத்தைமார், எல்லாரும் சாக்பீஸ் பிடித்தவர்கள். நான் மட்டும் பிரஷ் பிடித்தேன். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் கப்பல்களுக்கும் தோணிகளுக்கும் பெயர் எழுதுவது, எண் எழுதுவது, கோடு போடுவது என் வேலை. கோணல் இல்லாத கை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

குமரி தாண்டி மேற்கே இருக்கும் தீவுகளுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிப் போகிற சின்ன இரும்புக் கப்பல் ஒன்று என் கைக்கு வருஷா வருஷம் வரும். மேல்தட்டில் அறுபது பேருக்குப் படுக்கை. கீழே வெங்காயம், உருளைக்கிழங்கு, சிமெண்ட், டைல்ஸ். கரையேற்றி, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்து முடித்ததும் என்னைக் கூப்பிடுவார்கள். கப்பலின் இரண்டு பக்கமும் நடுவில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடும் இருக்கும். லோடு லைன் என்பார்கள். எவ்வளவு ஏற்றினாலும் அந்தக் கோடு தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அதை வெல்டிங்கில் புடைப்பாகவே வைத்திருப்பார்கள். அந்தப் புடைப்பின் மேல் வெள்ளை பெயிண்ட் தீட்டுவதுதான் என் வேலை. ஒரு சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

போன மார்ச்சில் கப்பலின் சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைவிட இளையவர், மரியாதை தெரிந்தவர்.

"அண்ணாச்சி, அந்தக் கோட்ட மட்டும் ஒரு சாண் மேல போட்டுருங்க. கச்சான் கெளம்புததுக்குள்ள நாலு ட்ரிப்பு அடிக்கணும். சரக்கு மலையாக் கெடக்கு."

கச்சான் என்பது மே கடைசியில் மேற்கிலிருந்து கிளம்பும் கடுங்காற்று. அது வந்துவிட்டால் சின்னக் கப்பல்கள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காது.

"வெல்டிங் இருக்குல்லா?" என்று கேட்டேன்.

"கறுப்ப அடிச்சி மூடிட்டா எவன் தடவிப் பாக்கப் போறான்?"

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வாய் இருந்தது. நான் மாட்டேன் என்றால் இன்னொருவன் கோணலாகப் போட்டுவிட்டுப் போவான், அதற்கு நானே போடலாமே என்று தோன்றியது. புத்தி எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள். புடைப்பைக் கறுப்பால் மூடிவிட்டு ஒரு சாண் மேலே புது வட்டமும் கோடும் போட்டேன். வெட்கக்கேடு என்னவென்றால், என் கை போட்ட வட்டங்களிலேயே அழகானது அதுதான்.

ஏப்ரல் கடைசியில் என் மகளுக்குத் தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. குடும்ப வியாதி அவளையும் விடவில்லை. எந்தக் கப்பலில் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அங்கே ஆள் ஏற்றிப் போவது அந்த ஒரே கப்பல்தான். அது இரண்டு ட்ரிப் பத்திரமாகப் போய் வந்துவிட்டதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் புறப்படும் அன்று மதியம் கப்பல் அணையும் ஜெட்டியில் அவளைப் பயணிகள் செட்டுக்குள் வரிசையில் நிற்க வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கப்பலோரம் போய்ப் பார்த்தேன். என் கோட்டுக்குக் கீழே நான்கு விரல் இடம் இருந்தது. பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்கு. பழைய கோடு தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது எனக்கு மட்டும் தெரியும். இன்னும் சிமெண்ட் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.

செட்டுக்குள் அவள் காயல்பட்டினத்துப் பெண் ஒருத்தியோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கணவர் தீவில் கடை வைத்திருக்கிறாராம். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. நான் நேராகப் போய் மகளின் கையைப் பிடித்தேன்.

"அம்மைக்கு நெஞ்சு வலிக்காம். ஒடனே வா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைத் தூக்கினாள். இரண்டடி வைத்தவள் திரும்பி, "அக்கா, என்னது கீழ்ப் படுக்க. நீங்க பிள்ளைய வச்சிக்கிட்டு அதுல படுத்துக்கோங்க" என்றாள். அந்தப் பெண், "அல்லாஹ் காப்பாத்துவான், பயப்படாதீங்க. அம்மாக்கு ஒண்ணும் ஆகாது" என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

வீட்டில் என் மனைவி வாசலில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏளா, கப்பல் போகலியா?" என்று கேட்டாள். மகள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்கு மேல் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

என் மகள் கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப அந்த அக்காவையும் பிள்ளையையும் மட்டும் அனுப்பிட்டியளேப்பா."

செட்டில் வாங்கி வைத்திருந்த நம்பரில் அவள் அந்தப் பெண்ணுக்கு போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். "யாருக்காவது சொல்லுங்க, கப்பல நிறுத்தட்டும்" என்றாள். நான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். "கப்பல் வெளிய போயாச்சு அண்ணாச்சி. கடல் கண்ணாடி மாதிரி கெடக்கு. சும்மா கெடங்க" என்றார். துறைமுக ஆபீசுக்கு நான் போன் போடவில்லை. போட்டிருக்க வேண்டும். மகள் அந்த நம்பரைத் தேடி எடுத்துத் தந்தும், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். பயம்தான், வேறென்ன.

இரண்டு நாள் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மரக்கிளை அசைந்தால் நான் வாசலுக்குப் போய்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கீழ்ப் படுக்கையில் குழந்தை காலை நீட்டி உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. கீழே, "வந்து சேர்ந்துட்டோம். அம்மா எப்படி இருக்காங்க?" என்று எழுதியிருந்தாள். அப்போதுதான் என் மகள் அழுதாள்.

அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு வந்து சொன்னாள்.

"கோட்ட எங்கன இருந்துச்சோ அங்கனயே போடுங்க. பொறவு நான் அதே கப்பல்ல போறேன்."

பத்து நாள் கழித்துக் கப்பல் காலியாகத் திரும்பியது. சரக்கு இல்லாததால் உயரமாக மிதந்தது. ஒரு சின்ன மிதவையில் ஏறி, சுரண்டியும் பெயிண்ட் டப்பாவுமாகப் பக்கத்தில் போனேன். என் அழகான வட்டத்தைச் சுரண்டி எடுத்தேன். கறுப்புக்கு அடியில் விரலால் தடவியதும் வெல்டிங் புடைப்பு தட்டுப்பட்டது. அதன் மேல் வெள்ளை தீட்டினேன். இரண்டு பக்கமும் முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. டச்சப் என்று நினைத்து யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சரக்கு ஏறியபோது, ஜெட்டியில் பாதி மூட்டை மிச்சம் இருக்கும்போதே கோடு தண்ணீரைத் தொட்டுவிட்டது. பார்க்க வந்த துறைமுக ஆள் குனிந்து பார்த்துவிட்டு, போதும் நிறுத்து என்று கையைக் காட்டினார். ஏற்றியதிலும் கொஞ்சத்தை இறக்கினார்கள். சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். கோபப்படவில்லை, சிரித்தார்.

"ஒங்க பிள்ள ஏறுதாள்னதும் கோடு கீழ எறங்கிட்டோ, அண்ணாச்சி?"

அதற்குப் பிறகு அந்தக் கப்பலின் வேலை எனக்கு இல்லை. அது போகட்டும். அவர் கேட்ட கேள்விதான் இன்னும் போகவில்லை.

அன்று கப்பல் ஏற வந்த என் மகள் ஏணிப்படிக்கு முன்னால் பெட்டியைக் கீழே வைத்தாள். என்னிடம் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நான் பக்கத்தில் போனேன். அவள் ஜெட்டியின் விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். கோடு தண்ணீருக்கு மேலே இரண்டு விரல் தெரிந்தது. பிறகுதான் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள். சரியான இடத்தில் போட்டுவிட்டேன் என்று அன்று காலை காப்பி குடிக்கும்போதே நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.