தெலுங்கு தெரியாத மேடம்

போன வாரம் தருமபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடையில் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தேன். கைக்கு வந்த தாள் வெதுவெதுப்பாக இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் மோந்து பார்த்துக்கொண்டேன். சிலருக்கு மண்வாசனை பிடிக்கும், சிலருக்குப் பெட்ரோல், எனக்கு இது. என் உத்தியோகம் உருப்படியாகத் தொடங்கியதே இந்த வாசனையில்தான்.

நான் படித்தது உளவியல். இந்த மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர் நலப் பிரிவைத் தொடங்கி நடத்த என்னைப் போட்டார்கள். மாணவர்களின் பண்பாட்டை உணர்ந்து செயல்பட வேண்டும் என்று நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தது. உணர நான் தயாராகத்தான் இருந்தேன், மாணவர்கள்தான் வரவில்லை. வாசலில் 'மனநல ஆலோசனை மையம்' என்று பலகை. அதைக் கண்டதும் பிள்ளைகள் எதிர் வராந்தாவுக்கு மாறிப் போவார்கள். முதல் மாதம் உள்ளே வந்தவர்கள் எல்லோரும் பாத்ரூம் எங்கே என்று கேட்க வந்தவர்கள்.

கேள்வித்தாள் ஒன்றும் வைத்திருந்தேன். ஆங்கிலத்திலிருந்து நானே பெயர்த்தது. 'சமீபத்தில் தாழ்வாக உணர்ந்தீர்களா?' என்பது முதல் கேள்வி. பாத்ரூம் கேட்டு வந்த ஒரு மாணவரிடம் வற்புறுத்திக் கொடுத்தேன். 'ஆம், எங்கள் தெரு தாழ்வுதான், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும்' என்று அக்கறையாக எழுதித் தந்தார். அன்றைக்கே அந்தக் கேள்வித்தாள் கட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷின். அலுவலகத்தில் இடமில்லை என்று என் அறையில் கொண்டுவந்து போட்டார்கள். சூடாகப் பத்து நிமிடம் பிடிக்கும். அதுவரை பிள்ளைகள் என் எதிரில் உட்கார்ந்தாக வேண்டும். ஹாஸ்டல் சாம்பாரில் பேச்சைத் தொடங்குவார்கள். மெஷின் தயாரான பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள்.

பத்மா அப்படி வந்தவள்தான். மொரப்பூர் பக்கத்துக் கிராமத்துப் பெண், முதுகலை முதல் வருடம். மூன்று நாள் தொடர்ந்து ஒரே தாளோடு வந்தாள். மூன்றாம் நாள்தான் படித்துப் பார்த்தேன். படிப்பை நிறுத்திக்கொள்கிறேன், டி.சி. கொடுங்கள் என்று எழுதியிருந்தது. இரண்டு நகல் இருக்கும்போது மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். அழுதுவிட்டாள். என்ன விஷயம் என்றேன். இரண்டு முறை வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

"தமிழ்ல சொன்னா பாடம் ஒப்பிக்கற மாதிரி இருக்குதுங்க மேடம். வூட்ல நாங்க தெலுங்கு."

எனக்குத் தெலுங்கில் ஓர் எழுத்து தெரியாது. ஹாஸ்டல் சமையல்கார அம்மாவுக்குத் தெரியும், கூப்பிடட்டுமா என்றேன். பதறிவிட்டாள். அந்த அம்மாவுக்கு அவள் ஊரில் சொந்தக்காரர்கள் உண்டு. பஸ் போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்துவிடும். சரி, தெலுங்கிலேயே சொல்லு, நான் கேட்கிறேன் என்றேன். வேறு வழி தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முக்கால் மணி நேரம் பேசினாள். எனக்குப் புரிந்த வார்த்தைகள் அம்மா, பஸ், அசைன்மென்ட். மற்றதற்கெல்லாம் தலையாட்டினேன். ஓரிடத்தில் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். பேச்சை நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளும் சிரித்துவிட்டாள்.

கடைசியில் ஒன்றை மட்டும் தமிழில் கேட்டேன். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா, யாராவது உன்னைக் கொடுமைப்படுத்துகிறார்களா?

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்க. மனசுல கெடந்தத கொட்டிட்டேன். ஒங்களுக்குப் புரியாதுன்னுதாங்க அவ்ளோத்தையும் சொன்னேன்."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அதை அலுவலகத்தில் கொடுக்கவே இல்லை. வாரா வாரம் வியாழக்கிழமை என்னிடம் வந்து தெலுங்கில் பேசிவிட்டுப் போவாள். கேள்விப்பட்டு, கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். அந்த மொழியும் எனக்குத் தெரியாது என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டார்கள். 'மாணவர்கள் தாய்மொழியில் மனம்விட்டுப் பேச ஏற்பாடு செய்யப்பட்டது' என்று அறிக்கையில் எழுதினேன். மேலிடத்தில் பாராட்டினார்கள். பொய்யில்லையே.

பாராட்டு தலைக்கேறியது. இரண்டு வருடம் உட்கார்ந்து முறையாகத் தெலுங்கு கற்றுக்கொண்டேன். இனி ஒரு பிள்ளையின் கஷ்டமும் புரியாமல் போகாது என்று இறுமாப்பு.

பத்மா படிப்பை முடித்து இப்போது ஓசூரில் ஆசிரியை. போன மாதம் போன் செய்தாள். பெருமை தாங்காமல் தெலுங்கில் நலம் விசாரித்தேன்.

"மேடம், அப்ப அன்னிக்கு நான் சொன்னதெல்லாம்?"

சத்தியமாக அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை என்றேன். பெரிய மூச்சு ஒன்று கேட்டது. அதன்பிறகு மழையைப் பற்றியும் அவள் பள்ளிக்கூடத்துப் பரீட்சையைப் பற்றியும் தமிழில் பேசினாள். நான் இரண்டு முறை தெலுங்குக்கு இழுத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் மரியாதையாகத் தமிழுக்கே திரும்பிவிட்டாள்.