சுதர்மாவின் கண்ணில் வழிந்த நீர்

கிளிகொல்லூர் முந்திரி ஆலையில் சுதர்மாவுக்கு முப்பத்து நாலு வருஷ வேலை. பதினேழு வயதில் கொட்டை உடைக்க உட்கார்ந்தாள். ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்தது. அப்புறம் பருப்பின் தொலி உரிக்கும் பகுதி. முப்பது வயதில் தரம் பிரிக்கும் மேசைக்கு வந்து சேர்ந்தாள். அந்த ஆலையில் அதற்கு மேல் பெண்பிள்ளைக்கு ஏற்றம் கிடையாது. முழுப்பருப்பு, பிளந்தது, நுனி உடைந்தது, சூட்டில் கருகியது என்று அவள் கை பிரித்துக்கொண்டே போகும். கண் இமைக்க மாட்டாள். இமைத்தால் ஒரு பருப்பு தப்பிவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

அந்தக் கண்ணில் போன ஓணத்துக்குப் பிறகு நீர் வழியத் தொடங்கியது. முதலில் உறுத்தல், மணல் விழுந்தது போல. அப்புறம் எரிச்சல். மின்விசிறிக் காற்று பட்டதும் பொலபொலவென்று கொட்டும். தோளில் கிடக்கும் முண்டு நுனியால் துடைப்பாள், மறுபடி கொட்டும். நம் ஊர்ப் பழக்கம்தான் தெரியுமே, ஆயுர்வேத வைத்தியசாலையில் இளநீர்க் குழம்பு என்கிற கண் மருந்தை வாங்கி ராத்திரிக்கு ராத்திரி விட்டுக்கொண்டாள். விட்டதும் உயிர் போகிற எரிச்சல், குடம் குடமாய் நீர். உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் போகிறது என்று நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டாள். நீர் வந்தால் நல்லது, இன்னும் வந்தால் இன்னும் நல்லது என்பதுதான் அவள் கணக்கு.

ஆலையில் மற்றவர்கள் போட்ட கணக்கு வேறு. ஐம்பத்தொரு வயசுக்காரி வேலை நேரம் முழுக்கக் கண்ணீர் விட்டால் வீட்டில் என்னமோ நடக்கிறது என்றுதானே நினைப்பார்கள். யூனியன் கன்வீனர் வத்சலா ஒரு நாள் கஞ்சி நேரத்தில் அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"சுதர்மே, உள்ளதச் சொல்லு. பார்க்கவன் கை வைக்கிறானா?"

பார்க்கவன் அவள் புருஷன். சந்தையில் சுமை இறக்குகிறவன். இருபத்தெட்டு வருஷத்தில் அவள்மேல் ஒரு சுடுசொல்லைக்கூட எறியாதவன். "இல்லை" என்று சொல்ல ஒரு நொடி போதும். சுதர்மா சொல்லவில்லை. இல்லை என்றால் "பின்னே எதுக்கு அழற?" என்று அடுத்த கேள்வி வரும். கண் உறுத்தல் என்றால் நம்ப மாட்டார்கள், வேறென்ன என்று துருவுவார்கள். தீட்டு நின்று ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. உடம்பெல்லாம் திடீர் திடீரென்று தீயாய்க் காய்கிறது. புருஷன் பக்கத்தில் படுக்கப் பிடிக்காமல் அடுக்களைத் தரையில் பாய் விரித்துக்கொள்கிறாள். இதையெல்லாம் யாரிடம் சொல்வாள்? தலையைக் குனிந்துகொண்டாள். நானாயிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன் என்று இப்போது பேசுவது சுலபம்.

இன்னொன்றும் உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. அன்று முதல் எல்லாரும் அவளிடம் அன்பாக இருந்தார்கள். மேஸ்திரிகூடக் குரலைத் தாழ்த்தினான். மேசைத் துணையான ஜெகதம்மா காற்றுப் படாத தன் இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். இவள் வத்சலாவின் தம்பி பெண்டாட்டி, அதிகம் பேசாதவள். தன் பொரித்த மத்தி மீனில் பாதியைச் சுதர்மாவின் கிண்ணத்தில் வைப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். சும்மா சுதர்மாவின் முழங்காலில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சுதர்மாவுக்கு அது பிடித்திருந்தது. மூன்று மாதம் அப்படியே ஓடியது.

அந்த ஆலைப் பெண்களுக்கு ஒரு வழக்கம். அடிக்கிற புருஷன் வீட்டு முற்றத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கத்த மாட்டார்கள். அவன் வெளியே வந்து பதில் சொல்லும்வரை எழுந்திருக்கவும் மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்சலாவும் இன்னும் பதினோரு பேரும் சுதர்மாவிடம் சொல்லாமலே பார்க்கவன் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவன் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிய மண் கையோடு வந்து நின்றான். தெரு முழுக்க வேலியோரம் கூடிவிட்டது.

"எதுக்குடா அவளப் போட்டு அடிக்கிற?" என்றாள் வத்சலா.

பார்க்கவன் திரும்பி வாசலில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கண்ணில் அப்போதும் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாய் திறக்கவில்லை. அவன் கையைக் கழுவினான், சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான், சந்தைச் சுமைக்காரர் கொட்டகைக்குப் போனவன் திரும்பவில்லை.

நான்காம் நாள் இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்து, முழுப்பருப்புக்கும் பிளந்ததற்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஷைனி, மகள் என்று சொல்லலாம் போல வயசு, கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகினாள், மஞ்சள் மருந்து விட்டு நீல விளக்கில் பார்த்தாள், இமை ஓரத்தை அழுத்திப் பார்த்தாள்.

"தீட்டு நின்னு எத்தன நாளாச்சு சேச்சி?"

சுதர்மா கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். "பதினாறு மாசம். கண்ணுக்கும் அதுக்கும் என்ன டாக்டரே?"

"உங்க கண்ணு காஞ்சு கெடக்கு."

"காஞ்சா? மழை மாதிரி கொட்டுது, காஞ்சு கெடக்குங்கறீங்களே."

"அதான் விஷயமே. இமை ஓரத்துல எண்ணெ சுரக்கற சின்னச் சின்ன சுரப்பி இருக்கு. கண்ணுத் தண்ணி மேல அந்த எண்ணெ படர்ந்து காயாமக் காக்கும். இந்த வயசுல ஹார்மோன் எறங்கறப்ப எண்ணெயும் கொறஞ்சு கெட்டியாயிடும். உங்களுக்குப் பற்பசை மாதிரி வருது. அப்போ தண்ணி நிக்காது, கண்ணு காஞ்சு உறுத்தும். உறுத்தலத் தாங்காம ஒரேயடியாக் கொட்டும். கொட்டறது கன்னத்துக்குத்தான் போகும், கண்ணுக்கு ஒதவாது."

"அப்போ ஹார்மோன் மாத்திரை போட்டா சரியாயிடுமா?"

"கண்ணுக்குன்னு அதப் போடறதில்ல. சில பேருக்கு அதனாலயே கண்ணு இன்னும் காயும். உடம்பு எரியுதுன்னா அதுக்குப் பெண்கள் டாக்டரப் பாருங்க, அவங்க முடிவு பண்ணுவாங்க. நீங்க காலையும் சாயங்காலமும் வெதுவெதுப்பான துணிய மூடின கண்ணு மேல பத்து நிமிஷம் வைங்க. அப்புறம் இமைய மெதுவா நீவி விடுங்க. சொட்டு மருந்து எழுதறேன். வேலை செய்யறப்ப கண்ண மூடித் தெறங்க, விசிறிக்கு எதிர்ல உக்காராதீங்க. இளநீர்க் குழம்பு ஊத்தறீங்கன்னா இன்னியோட நிறுத்திடுங்க, காஞ்ச கண்ண அது இன்னும் எரிக்கும்."

"இப்படிச் செஞ்சா முழுசாப் போயிடுமா?"

"கட்டுக்குள்ள இருக்கும். தெனமும் பல்லு வெளக்கற மாதிரி இதையும் செய்யணும்."

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சந்தைக்குப் போனாள். கொட்டகையில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பார்க்கவனிடம் மருந்துச் சீட்டை நீட்டினாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல், தீட்டு நின்றது உட்பட, சொன்னாள். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"அடுக்களையில போய்ப் படுத்தது?"

"சூடு தாங்கல சேட்டா. உங்க மேல ஒண்ணுமில்ல."

அவன் சீட்டை மடித்து அவளிடமே கொடுத்தான். "நான் அடிக்கலன்னு எனக்குத் தெரியும் சுதர்மே. இத எங்கிட்ட வந்து சொல்லி என்ன பண்ண? அங்க போய்ச் சொல்லு."

மறுநாள் கஞ்சி நேரத்தில் எழுந்து நின்று சொன்னாள். "பார்க்கவன் என்னை ஒரு நாளும் தொட்டு அடிச்சதில்ல. நீங்க கேட்டப்ப நான் இல்லேன்னு சொல்லல. அது எம்மேல தப்பு. எனக்குத் தீட்டு நின்னுபோச்சு, அதுல கண்ணு காஞ்சுபோச்சு. இவ்வளவுதான்."

வத்சலா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் ஒருத்தி, "எனக்கும் ரெண்டு வருஷமா மணல் கொட்டின மாதிரிதான் இருக்கு, வெங்காயத்து மேல பழிபோட்டுட்டு இருந்தேன்" என்றாள். இன்னொருத்தி, "எனக்கு உடம்பு எரியற எரிச்சல்ல முந்திரியே வறுக்கலாம்" என்றாள். கூடம் சிரித்தது. டாக்டர் பெயரை நாலு பேர் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வத்சலா மட்டும் சிரிக்கவில்லை. நியாயக்காரி, அன்று மாலையே கொட்டகைக்குப் போய், பத்துப் பேர் முன்னால் பார்க்கவனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் வீட்டுக்கு வந்தான். காலையில் பெண்டாட்டி கேட்காமலே வெந்நீர் வைத்துத் துணியை நனைத்துக் கொடுத்தான். சுதர்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். இத்தனை நல்ல மனுஷனைத் தெருவில் நிறுத்தினோமே என்று நெஞ்சு வலித்தது.

எல்லாம் சரியாயிற்று என்றுதான் நினைத்தாள். ஆனால் ஜெகதம்மா மேசையின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். மத்தி வரவில்லை, முழங்காலில் கையும் வரவில்லை. மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும் குழாயடியில் சுதர்மா அவளைப் பிடித்தாள்.

"ஏமாத்திட்டேன்னு கோவமா ஜெகதம்மே?"

ஜெகதம்மா கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "கோவம் இல்ல சேச்சி. நான் ஒருத்தி மட்டும் இல்லன்னு மூணு மாசம் ஒரு ஆறுதலா இருந்துச்சு."

சுதர்மாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எத்தன வருஷமா?"

"கல்யாணத்துலேர்ந்து."

"வத்சலாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே. தம்பின்னு பாக்க மாட்டாங்க, முற்றத்துல வந்து உக்காந்துடுவாங்க."

ஜெகதம்மா குழாயை மூடினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"சொல்லணுமா சேச்சி? எங்க வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவருதான்."