மார்கழிக்கு எதுக்கு மஞ்சள்?

எங்கள் கடையில் மஞ்சள் தீர்ந்துவிட்டால் செத்தவருக்குக்கூட போஸ்டர் கிடைக்காது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் நாங்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் பிரிண்டிங் மெஷினின் குணம் அப்படி. கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நான்கு டோனர். அந்தப் பொடிதான் அதற்குச் சாப்பாடு. ஒன்று காலியானாலும் மற்ற மூன்றையும் தொடாமல் பட்டினி கிடக்கும். வெறும் கறுப்பில் கண்ணீர் அஞ்சலி அடிக்கச் சொன்னாலும், மஞ்சள் எங்கே என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவர் என் வீட்டுக்காரர்தான். சென்னையில் யாரோ ஓட்டி ஓட்டி அலுத்துத் தள்ளிவிட்ட மெஷினை, "செகண்ட் ஹேண்டுன்னாலும் சிங்கம்மே" என்று லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். சிங்கத்துக்கு உப்புக்காற்று ஆகாது, புழுதி ஆகாது, வெயில் ஆகவே ஆகாது. அதனால் அதற்கு ஏசி. எனக்குக் கரகரவென்று சுற்றும் ஃபேன். பக்கத்தில் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஊருக்கெல்லாம் கரண்டு காய்ச்சுகிறார்கள், எங்கள் கடைக்கு வரும்போது மட்டும் அதற்கு மூச்சு வாங்கும். நடுவில் கரண்டு போனால் பேப்பர் உள்ளே சிக்கிக்கொள்ளும். அதை அவர் வெளியே எடுக்கும் பக்குவத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குத் தலைவலி என்றால் "தைலம் தேச்சிக்க" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லுகிற மனிதர்.

மெக்கானிக் ரயிலேறி வருவார். வந்ததும் நாஷ்டா கேட்பார். கை கழுவிவிட்டு மெஷினின் கதவைத் திறந்து, டாக்டர் மாதிரி உச்சுக்கொட்டுவார்.

"டிரம்மு தேஞ்சிக்கினே போவுதுண்ணே. பாத்து ஓட்டுங்க. இன்னொண்ணு, இந்த மாடலுக்கு மஞ்சள் இப்ப லேசுல கெடைக்கிறதில்ல. கைவசம் வெச்சிக்கோங்க."

இவ்வளவு சொல்லியும் எங்கள் வீட்டு மேதை எப்படி டோனர் வாங்குவார் தெரியுமா? பஞ்சாங்கம் பார்த்து. தையிலும் ஆவணியிலும் முகூர்த்தம் நிறைய, ஆகவே மஞ்சளும் சிவப்பும். ஆடியில் கூழ் ஊற்றும் நோட்டீஸ், அதற்கும் மஞ்சள். மார்கழிக்குக் கறுப்பு மட்டும்.

"மார்கழில எவன்மே கல்யாணம் பண்றான்? பனியில பெரிசுங்கதான் போவும். கறுப்பு போதும்."

சொல்வதோடு நிற்கவும் மாட்டார். எதிர் டீக்கடைக்கு எளாவூரிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் இருமினால், இவர் கண் டோனர் அலமாரிப் பக்கம் போய்வரும். அட பாவி மனுஷா என்று நானே திட்டியிருக்கிறேன்.

போன கார்த்திகைக் கடைசியிலும் அப்படித்தான். கறுப்பு நிறைய வாங்கி அடுக்கினார். மெஷினுக்குள் இருந்த மஞ்சள் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. கேட்டதற்கு, பொங்கலுக்குத்தான் வரும் என்று டீலர் கையை விரித்துவிட்டார். அந்தக் கொஞ்ச மஞ்சளைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு, கறுப்பு வேலையை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஒரே மகள் ஷிஃப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள். அவள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் மீஞ்சூர்ப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் போன வருஷமே சொல்லியிருந்தாள். பையன் கிறிஸ்தவன். அவள் அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றதோடு சரி.

"நைனா, தேதி வெச்சிட்டாங்க. கிறிஸ்மஸ் முடிஞ்ச வாரம், மீஞ்சூர் சர்ச்சுல."

அவர் அவளைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்தார். "மார்கழியாச்சேம்மா. மஞ்சள் இல்லியே."

எனக்கு வந்ததே கோபம்! "ஏன்யா, பொண்ணு தன் வாழ்க்கையப் பத்திச் சொல்லுது, நீ டோனரப் பத்திப் பேசிக்கினு கீற?"

மகள் சத்தம் போடவில்லை. "ஊர்ல எல்லார் பத்திரிகையும் நீதான் அடிக்கிற. என்னுத நீ அடிச்சாதான் உனக்குச் சம்மதம்னு அர்த்தம். வெளிய குடுத்து உன்ன அசிங்கப்படுத்த மாட்டேன் நைனா. நீ அடிக்கலன்னா பத்திரிகையே வாணாம்."

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மெஷினிடம் போனார். அவருக்கு மனசு சரியில்லை என்றால் மெஷினுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். கழற்றினார், துடைத்தார், ஊதினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சோறு வைத்தால் "இருமே, சென்சார் தொடைக்கிறேன்" என்றார். எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் பயம். பத்திரிகை இல்லாமல் கட்டிக்கொள்ள என் பெண் என்ன குற்றம் செய்தாள்?

ஞாயிற்றுக்கிழமை அவளே ஒரு டிசைன் செய்து பென் டிரைவில் கொண்டுவந்தாள். வெள்ளைத் தாள், நீல எழுத்து, மேலே ஒரு புறா.

"இதுல மஞ்சளே இல்ல நைனா. உன் மெஷினுக்கு ஒரு பொட்டு செலவு வெக்கல."

அவர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தார். திடீரென்று கத்தினார்.

"இன்னாது இது? கல்யாணப் பத்திரிகையா, கருமாதிப் பத்திரிகையா? ஊருக்கெல்லாம் மஞ்சளா அடிச்சிக் குடுத்துட்டு எம்பொண்ணுக்கு வெள்ளையா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரே உட்கார்ந்தார். ஓரமெல்லாம் மஞ்சள். நடுவிலும் மஞ்சள். புறாவையும் விடவில்லை.

"நைனா, தீந்துடப் போவுது" என்றாள் மகள்.

"தீரட்டும்."

"புறாவுக்கு மஞ்சக்காமாலை வந்தாப்புல கீது" என்றேன் நான்.

"நீ சும்மா இருமே."

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். மெஷின் ஓடியது. பாதியில் திணறியதும் மஞ்சள் டப்பாவைக் கழற்றிக் குலுக்கி, தட்டி, மறுபடி மாட்டினார். கேட்ட பத்திரிகை எல்லாம் வந்து விழுந்த கொஞ்ச நேரத்தில், மஞ்சள் எங்கே என்று கேட்டுவிட்டு அது நின்றது. அவர் ஏசியை அணைத்தார்.

மறுநாள் காலையில், டீக்கடைக்கு வரும் அந்த எளாவூர்ப் பெரியவரின் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். "நைட்டு அப்பா பூட்டாருண்ணே. போஸ்டர் அடிக்கணும்."

அலமாரி நிறையக் கறுப்பு அடுக்கியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போனது. கையைக் கூப்பினார்.

"மெஷின் ஓடாதுப்பா. ஸ்டேஷனாண்ட ஒரு கடை கீது, அங்க அடிச்சிக்கோங்க. மன்னிச்சிக்கோங்க."

மூத்தவன் மேஜை மேல் இருந்த பத்திரிகைக் கட்டைப் பார்த்தான். "இன்னாண்ணே, மார்கழில பத்திரிகை?"

ஒன்றை எடுத்து நீட்டப் போனவர், சாவு வீட்டுக்காரர் என்று நினைவு வந்து கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"எம்பொண்ணு கல்யாணம். காரியம் முடியட்டும், ஊட்டுக்கே வந்து வெக்கிறேன். இருக்கிற மஞ்சள் பூரா அதுக்கே பூடுச்சி."