பக்குரங்காவில் ஒரு பெர்னூலிப் பயம்

நான் பிறவி முட்டாள் அல்ல. கொஞ்சம் உழைத்துத்தான் அந்த நிலைக்கு வந்தேன். ஒன்பது வயதில், எப்போதோ செத்துப்போன ஒரு சுவிஸ் தகப்பனால் நாங்கள் குடியிருந்த பக்குரங்காவில் எனக்கு வீடில்லாமல் போகப்போகிறது என்று முழுமனதாக நம்பினேன்.

அப்பா பென்ரோசில் தொழிற்சாலைகளுக்குக் காற்றுக்குழாய் வடிவமைக்கும் பொறியியலாளர். காற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் பெர்னூலி என்ற பெயரும் கூடவே வரும். தமிழ்ப் பள்ளி விழாவில் பெற்றோரும் பிள்ளைகளும் ஆளுக்கொன்றாகக் கடதாசி விமானம் விடும் போட்டி என்று அறிவித்ததும் வீடு முழுக்க மடித்த தாள்கள். பிள்ளைகளின் போட்டிக்குத் தகப்பன்மார் பயிற்சி எடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். யார் இந்தப் பெர்னூலி என்று, நகரின் அந்தப் பக்கம் இருக்கும் ஹென்டர்சனிலிருந்து சாப்பிட வந்திருந்த சித்தப்பாவிடம் கேட்டேன்.

"அது ஒராள் இல்லையடா, ஒரு சுவிஸ் குடும்பம். அண்ணன், தம்பி, பிள்ளையள், எல்லாரும் கணக்குப் புலியள். ஒருத்தருக்கு ஒருத்தர் ஆகாது. ஒருக்கா தேப்பனும் மகனும் ஒரே போட்டிக்குப் போய்ச் சமனா வந்திட்டினம். தேப்பன் மகனை வீட்டை விட்டே கலைச்சிட்டார்." கோழிக்காலைக் கடித்தபடி சொன்னார். "நீயும் கவனம், மோனை."

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் போதுமான ஆதாரமாக இருந்தது.

விழாவுக்கு நான் பையோடு போனேன். உள்ளே பல் துலக்கும் பிரஷ், இரவு உடுப்பு, இரண்டு வாழைப்பழம். மற்றவர்களின் விமானங்கள் மேடை விளிம்பிலும் ஆன்ட்டிமாரின் கொண்டையிலும் இறங்கின. கடைசியில் அப்பாவும் நானும்தான். தோற்றுவிடத்தான் எறிந்தேன். இழவு, அன்றைக்குப் பார்த்து அது மண்டபத்தின் மறுகோடி வரை போனது. நல்லவேளை, அப்பாவுடையது அதற்கும் சரியாக ஒரு விமான நீளம் முன்னால் போய் விழுந்தது. அப்பாடா என்றிருந்தது.

அளவு நாடாவோடு வந்த ஆசிரியையிடம் அப்பா சொன்னார்: "டீச்சர், என்ரையை வால் வரைக்கும் பிடியுங்கோ. இவன்ரையை மூக்கு வரைக்கும்."

பிடித்தார். சமன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அழுதேன்.

"கப்பை அப்பாவுக்கே குடுங்கோ, டீச்சர். பக்குரங்காவில ரயில் இல்லை. நான் எப்படிச் சித்தப்பா வீட்டை போறது?"

ஒருவருக்கும் விளங்கவில்லை, சித்தப்பாவைத் தவிர. அவர் தேநீர் மேசைப் பக்கம் நழுவினார். அப்பா அங்கே போய் அவரை விசாரித்துவிட்டு வந்து என் பையைத் திறந்து பார்த்தார். பிறகு பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு கப்பை என்னிடம் தந்தார். அவரே கார்க் கதவையும் திறந்துவிட்டார். ஏறச் சொன்னால் வீட்டுக்குத்தானே. போன உயிரோடு வாயும் திரும்பி வந்தது.

"ஏன் அப்பா உங்கடையை வாலில அளக்கச் சொன்னனீங்கள்? இல்லாட்டி நீங்கள்தானே வெண்டிருப்பீங்கள்?"

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

"பெல்ட்டைப் போடு."