பிக்கிள்பாலுக்கு நாலாவது ஆள்

விளையாட்டு சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: நாம் எவ்வளவு நன்றாக ஆடினாலும் யாரும் கை தட்ட மாட்டார்கள், பந்து வெளியே போனால் மட்டும் எல்லோரும் நம்மைத்தான் பார்ப்பார்கள். நீச்சலோ, டிரைவிங்கோ, கராத்தேயோ, எதையாவது பிறருக்குச் சொல்லிக்கொடுத்து வயிறு கழுவுகிற சக பாவிகளுக்கு இது புரியும். நான் திருவொற்றியூரில் பிக்கிள்பால் கோச். டென்னிஸுக்கும் ஷட்டிலுக்கும் நடுவில் பிறந்த விளையாட்டு அது. சின்ன கோர்ட், பலகை மாதிரி பேட், உடம்பெல்லாம் துளை போட்ட பிளாஸ்டிக் பந்து. பெரும்பாலும் இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர்.

சுவரோடு ஆடியது

ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மிஸ்ஸாக இருந்தேன். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடிவிட்டார்கள். கல்லூரியில் பால் பேட்மிண்டன் ஆடிய கை என்பதால், தென்சென்னைப் பக்கம் போய்ப் பயிற்சி எடுத்து கோச் சர்ட்டிபிகேட் வாங்கினேன். அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். காலையில் நான் மிக்ஸி போட்டால்தான் வீட்டில் ஒரு சத்தம். வேலை வேண்டும் என்பது உண்மைதான். அதைவிட, தினமும் நாலு பேர் நடுவில் நிற்க வேண்டும் என்றிருந்தது.

ஆடிப் பழக ஜோடி கிடைக்கவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அடித்துப் பழகினேன். அது அடித்ததையெல்லாம் திருப்பி அனுப்பியது. ஒரு மத்தியானம் கீழ்வீட்டு பிலோமினா அக்கா ஏறி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சற்று நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு சொன்னார்: "செவுரு எங்கமா தோக்கப் போவுது? நீயே தோத்துட்டேன்னு சொல்ட்டு எறங்கு. வூட்ல கொயந்த தூங்குது."

வியாபாரி பார்த்த பந்து

எனக்கு வேலை கொடுத்தவர் தினேஷ் என்ற இளைஞர். அப்பா விட்டுப்போன லாரி செட்டில் பெயின்ட் அடித்து, கோடு போட்டு, கோர்ட் ஆக்கியிருந்தார். பச்சைப் பெயின்டுக்கு மேலேயே பழைய ஆயில் கறை எட்டிப் பார்க்கும். ராத்திரி படிகிற கரித்தூளைக் காலையில் நான் கழுவினால்தான் கோடு தெரியும். கிறிஸ்துமஸுக்குள் காலை பேட்சுக்கு நிரந்தரமாக நாலு பேர் சேரவில்லை என்றால் செட் மறுபடி லாரிக்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதல் நாள் வந்தது ஒரே ஒருவர். இப்ராகிம் பாய், வண்ணாரப்பேட்டையில் துணி மொத்த வியாபாரம். எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் துரத்தியிருந்தார். பந்தைக் கையில் கொடுத்தேன். பீஸ் துணியைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ரொம்பப் பரிவாகச் சொன்னார்: "மால் பூரா ஓட்டையா கீதேம்மா. கடக்காரன் உன் தலைல கட்டிட்டான். போய் மாத்தினு வா, நான் குந்தினு கீறேன்."

வாய் திறக்காத கபிரியேல் அண்ணன்

அடுத்துச் சேர்ந்தவர் கபிரியேல் அண்ணன், ஹார்பரில் ரிட்டயர் ஆனவர். கிரேன் பெட்டியை இறக்கும்போது கீழே நின்று ஆபரேட்டருக்குக் கையால் சைகை காட்டுவதுதான் அவர் வேலையாக இருந்தது. பாயையும் அவரையும் ஜோடியாக நிறுத்தினேன். இரண்டு பேருக்கும் நடுவில் பந்து வந்தால் யாராவது ஒருவர் "என்னுது" என்று கத்த வேண்டும். அண்ணன் கத்த மாட்டார். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டுவார், கட்டை விரலை ஆட்டுவார். பாயோ பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் நிம்மதியாக விழுந்து உருளும்.

"அண்ணே, வாயைத் திறந்து சொல்லுங்க" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். ஒரு நாள் அவருக்கே பொறுக்கவில்லை. "கப்பலாண்ட கத்துனா எவனுக்கும்மா கேக்கும்? கையப் பாக்காதவன் மேலதான் பொட்டி வந்து வுழும். பாயப் பாக்கச் சொல்லு."

செல்வியும் நானும்

மூன்றாவதாக வந்தவள் செல்வி. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். விடியற்காலை ஏலத்தை முடித்து, குளித்து, பூ வைத்துக்கொண்டு வருவாள். சர்வீஸ் போடும் முன் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. இவள் சொன்னால் ஹைரோட்டில் போகிற டிரெய்லர்காரன் வேகத்தைக் குறைப்பான். மூன்று பேர்தானே, நாலாவது ஆளாக நானே நின்றேன். ஆண்கள் அந்தப் பக்கம், நானும் செல்வியும் இந்தப் பக்கம்.

என் வாழ்க்கையில் அந்த மழைக்காலம்தான் நல்ல காலம். நான் ஒரு பாயின்ட் எடுத்தால் செல்வி முதுகில் ஓங்கி ஒன்று வைப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இடம் எரியும், எனக்கு சந்தோஷமாக இருக்கும். என்னைத் தொட்டுப் பேச வேறு யாரும் இல்லை. ஒரு நாள் தினேஷ் வந்து எண்ணிக்கை பார்த்தார். நாலு பேர் இருக்கிறோமே என்றேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "உங்களச் சேத்து எண்ணாதீங்க மிஸ். நீங்க சம்பளத்துக்கு நிக்கிறவங்க."

நாற்காலி

ஆகவே என் இடத்துக்கு நானே ஆள் தேடினேன். சர்ச் வாசலிலும் மெட்ரோ ஸ்டேஷனிலும் நோட்டீஸ் கொடுத்தேன். கடைசியில் கபிரியேல் அண்ணனின் மருமகன் ஜான்சன்தான் அகப்பட்டான். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர். நைட் ஷிப்ட் முடித்து நேராக இங்கே வருவான். பொறுமையான கை, சொன்னதைப் பிடித்துக்கொள்வான். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தேன். தினேஷ் டிசம்பர் பிறக்கும் முன்பே பேட்சை உறுதி செய்துவிட்டார்.

எனக்கு வேலை தங்கியது. அன்று வீட்டில் பாயசம் வைத்திருக்க வேண்டும், ஆனால் பழைய சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை பழக்க தோஷத்தில் பேட்டை எடுத்துக்கொண்டு செல்வி பக்கத்தில் போய் நின்றேன். அவள் ஓடிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, தன் துண்டாலேயே தூசி தட்டிப் போட்டாள். "நீ குந்து மிஸ்ஸு. பாவம், எத்தினி நாளு எங்களோட ஓடிகினு கெடந்த. அதான் நாலு பேரு ஆயிட்டமே."

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு வகுப்பு கிடையாது. சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், கோர்ட்டைக் கழுவி வைக்கலாம் என்று செட்டுக்கு நடந்தேன். தெருமுனையிலேயே செல்வியின் குரல் கேட்டது. உள்ளே நாலு பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாய் வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ வந்திருந்தது. யாரும் என்னைத் தேடவில்லை, நன்றாகவும் ஆடினார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன், அதற்குள் பார்த்துவிட்டார்கள்.

ஆட்டம் நின்றது. தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி நாலு பேரும் விழித்தார்கள். என் வீட்டில் யார் யார் என்று அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பாய் டீ ஊற்றிக் கொடுத்தார். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஞாயித்துக்கெயமகூட உன்னிய இங்க இஸ்துகினு வந்தா உங்க வூட்ல எங்களத் திட்ட மாட்டாங்களா? அதான் சொல்லல மிஸ்ஸு."

இந்தத் தொழிலில் மோசமாகச் சொல்லிக்கொடுத்தால் வேலை போகும், நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் நாம் நிற்கிற இடம் போகும். நான் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.